ஆர் சொன்னது?

“ஆர் சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே கிறகோரி சேர் காதில் செருகிய பென்சிலை எடுக்கிறார். எதிரே நிற்கும் முதலாம் வருடப் பொடியன் தலையைச் சொறிகிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுகினம் என்கிறான். கெட்டான் போங்கள். வெட்டிய தாள்துண்டு ஒன்று அவன் முன்னால் வந்து விழுகிறது. என்ன செய்தி, சொன்னவர் யார், அவர் கண்டவரா கேட்டவரா என்று தேடி எழுதிக்கொண்டு வந்தால்தான் மனிசன் விடுவார். “போய்ப் பார்த்திட்டு வாரும்.”

திருநெல்வேலியில், எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில், அவர் உதவி நூலகர். நான் பக்கத்து மேசையில் புத்தகங்களுக்கு எண் போடுகிறவள். சண்டையால் கரண்ட் போய் வருடங்களாகிவிட்டன. புதிய சஞ்சிகைகள் வந்துசேருவதில்லை. விரிவுரையாளர்கள் பாடத்தை நடத்திவிட்டு, மிச்சத்தைக் கிறகோரியிடம் கேளுங்கோ என்று பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள். அவரோ விடையை வாயால் சொல்லவே மாட்டார். நூல் அட்டைகள் இருக்கும் லாச்சியை இழுத்து, தேடும் வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார். சரியாகக் கண்டுபிடித்து வந்தாலும் ஒரு ‘ஓம்’ வராது, தலையை மட்டும் ஆட்டுவார். கல்நெஞ்சுக்காரன் என்று நானே ஏசியிருக்கிறேன்.

தை மாதம் அவருடைய ஒரே மகன் பெனடிக்ற் கொழும்புக்கென்று வெளிக்கிட்டான். தகப்பனுக்குச் சைக்கிளில் சோற்றுப் பார்சல் கொண்டுவருகிற, எங்கள் எல்லாருக்கும் பழக்கமான பிள்ளை. தரைப்பாதை பூட்டிக்கிடந்ததால் கிளாலிக் கடலை வள்ளத்தில்தான் கடக்கவேணும். அவன் ஏறிய வள்ளத்துக்கு வெடிபட்டது என்று மறுநாள் கதை வந்தது. குருநகரில் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்களிடமும் மனிசன் அதையே கேட்டார். நீங்கள் கண்டனீங்களோ? ஒருவரும் காணவில்லை. செத்தவர்களுக்குக் கோயிலில் வைக்கிற ஆத்துமப் பூசையை மகனுக்கு ஒப்புக்கொடுக்கவேணும் என்று மனைவி மரியநாயகி அழுது மன்றாடியும் அவர் சம்மதிக்கவில்லை. “கண்ட ஆள் வரட்டும்.” பெற்றவள் எத்தனை நாளைக்குத்தான் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? அந்தக் கேள்வியால்தான் அவர் மகனை உயிரோடு வைத்திருந்தார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

நேற்று இராசமலர் வந்தாள். மூன்றாம் வருடம், சேரிடம் துண்டு எழுதி எழுதியே படித்தவள். அன்றைக்கு அதே வள்ளத்தில் போய்க் காயப்பட்டவளை இன்னொரு வள்ளக்காரர் தூக்கி அக்கரை சேர்த்திருக்கிறார்கள். வவுனியாவில் மாமி வீட்டில் கிடந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். வலது கை இன்னும் மடங்கவில்லை. பெனடிக்ற் தன் பக்கத்தில்தான் இருந்தான் என்றாள்.

சேர் பென்சிலை எடுத்தார். கேட்கத்தான் போகிறார் என்று நான் தடுக்க எழும்பினேன். அவள் முந்திக்கொண்டாள்.

“ஒருத்தரும் சொல்லேல்லை, சேர். நான் கண்டனான். என்ரை மடியிலைதான் சீவன் போனது. பிறகுதான் வள்ளம் தண்ணிக்குள்ளை தாண்டது.”

“ஓம், பிள்ளை” என்றார்.

தன் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே ஒரு துண்டை எடுத்தார். ‘பெனடிக்ற், ஆத்துமப் பூசை’ என்று எழுதி, மரியநாயகியிடம் கொடுக்கச்சொல்லி என்னிடம் நீட்டினார். நான் வாங்கப்போகையில் திரும்ப இழுத்து, கீழே இன்னும் ஒரு வரி எழுதினார்: ‘சொன்னவர் இராசமலர். கண்டவர்.’