அறுபத்தெட்டு வயது நாக்கு

பேரன் பிறந்து ஒன்பது நாள். பால் கொடுக்கும்போதெல்லாம் மகள் வலியில் அழுகிறாள்.

குழந்தையின் நாக்கு அடியில் சவ்வால் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் வலி, அந்தச் சவ்வை வெட்டிவிட வேண்டும் என்று நானே படித்துக் கண்டுபிடித்தேன். இன்று ஃபேரர் பார்க் கிளினிக்கில் தாதியிடம் சொன்னேன்.

அவர் பார்த்தார். "லேசாதான் இருக்கு. வெட்ட வேணாம் லா."

"நல்ல நாக்குன்னா இப்படி வெளியே வரணும்மா" என்று என் நாக்கை நீட்டிக் காட்டினேன்.

"அங்கிள், உங்க நாக்கு உதட்டையே தாண்டலையே."

"ஒட்டியிருந்தும் இவ்ளோ பேச்சாப்பா?" என்றாள் மகள்.

என்னை வெளியே உட்காரவைத்தார்கள். அரை மணி நேரத்தில் மகள் சிரித்தபடி வந்தாள். "வலிக்கலப்பா. நான் புள்ளைய வச்சிருந்த விதம்தான் தப்பு."

மகிழ்ச்சி. ஆனால் அந்த அறையில் வெளிச்சம் போதாது; என் நாக்கைத் தாதி சரியாகப் பார்த்திருக்க முடியாது. உங்கள் நாக்கெல்லாம் உதட்டைத் தாண்டுகிறதா? கண்ணாடியில் பார்த்துவிட்டு உண்மையைக் கீழே எழுதுங்கள்.