கையில் ஒரு படிக்கட்டு

நோயாளியின் கட்டிலருகே நாற்காலி போட்டால், அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் அரபு அக்கா பேச ஆரம்பிப்பார். "உக்காந்தா எனக்கு வாய் வராதுப்பா." டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் கட்டிலை அரை வட்டம் சுற்றியிருப்பார். அதை அரபியில் சொல்லும்போது மீதி அரை வட்டம். அரபு நோயாளிகளுக்காக வைத்திருக்கும் இந்த மொழிபெயர்ப்பாளருக்கு மருத்துவமனை ஒரு மேசையும் கொடுத்திருக்கிறது. அதில் மருந்தகத்துப் பெண்ணின் சாப்பாட்டுப் பைதான் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

அரபி எப்படி வந்தது என்று கேட்டால் நடந்துகொண்டே பதில் வரும். "அப்பாவுக்கு அரபு நாட்டுல வேலை. ஸ்கூல்ல வாங்கின திட்டெல்லாம் அரபியில. திட்டு வாங்கின பாஷை மறக்குமா?"

வாய் பாதி, கை பாதி என்பதுதான் இவர் பேச்சு. வீக்கம் வடியும் என்பதற்குக் கன்னத்தை உப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக் காட்டுவார். வீட்டில் இவர் கதை சொல்ல வாயெடுத்தாலே கணவர் பால் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிடுவார். "உன் கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லோடு ஜென்மப் பகை. ‘டேப்பர்’. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வருவதற்கு டாக்டர்கள் சொல்லும் சொல். அகராதியைப் புரட்டினால் பென்சில் முனை கூராகிறது, காற்சட்டை கீழே குறுகுகிறது. அரபிக்கு ‘இஸ்ததக்க’ என்று போட்டிருக்கிறது, மெலிந்து ஒடுங்குவது. "அதைப் போய்ச் சொன்னா, ஒல்லியாக வேண்டியது நானா மாத்திரையானு கேப்பாங்க!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அதனால் அதை இரண்டாக உடைத்துக்கொண்டார். ‘கஃப்ஃபிஃப்’, குறைத்துக்கொள். ‘தத்ரீஜிய்யன்’, படிப்படியாக. நம் சொல்லில் இருப்பது போலவே அந்த அரபுச் சொல்லுக்குள்ளும் ஒரு படிக்கட்டு உண்டு. இவர் அதைக் காற்றிலேயே கட்டிக் காட்டுவார். உள்ளங்கை நெற்றிக்கு நேரே நிற்கும். ஒரு படி, இன்னொரு படி என்று இடுப்புவரை இறங்கும். நோயாளிகளும் சிரித்துக்கொண்டே கூட இறக்குவார்கள். இப்படியே வருஷங்கள் ஓட, கை நன்றாகத் தேறிவிட்டது. ‘தத்ரீஜிய்யன்’ என்ற வாய்ச்சொல் எப்போது உதிர்ந்து போனதென்று அவருக்கே தெரியாது.

அன்று காலை மருந்தக வாசலில் நடை போட்டபடி யாருக்கோ ஃபோனில் கண் சொட்டுமருந்து விளக்கிக்கொண்டிருந்தார். தலையை அண்ணாந்து, விரலால் கண்ணில் சொட்டு விட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மருந்தகத்துப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, ஃபோன்ல யாருக்குக் கை காட்டறீங்க?"

அக்காவும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளைக்கு முன் மெத்தை தைக்கும் ஒரு அரபு நோயாளியிடம் பேசினாரே, அதுவும் ஃபோனில்தான். மூச்சிரைப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர். டேப்பர் பண்ணச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். இவர் ‘கஃப்ஃபிஃப்’ என்று சொல்லி, கையை அழகாக இறக்கினார். அந்தப் பக்கம் "சரி, சரி" என்றார் மனிதர்.

"ஐயையோ! நான் வாயால சொன்னேனா? சொல்லவே இல்லையே!"

"என்னக்கா ஆச்சு?" என்றாள் அவள். அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகமும் வெளுத்துவிட்டது.

கையிலிருந்த அழைப்பை வெட்டிவிட்டு அக்கா மெத்தைக்காரரைக் கூப்பிட்டார். அங்கே ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. அக்கா லிஃப்ட்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். "எடுங்களேன், எடுத்துத் தொலைங்களேன்." அவர் ஒழுங்காகத்தான் புரிந்துகொண்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை.

ஒருவழியாக அவர் மனைவி எடுத்தாள். ஆமாம், குறைக்கத்தானே சொன்னீர்கள், எவ்வளவு என்று தெரியாமல் அவர் அறவே விட்டுவிட்டார் என்றாள். நேற்றிலிருந்து வாந்தி. எழுந்தால் கிறுகிறுப்பு. இப்போது படுத்தே கிடக்கிறார்.

அக்கா ஃபோனைக் காதோடு வைத்தபடியே ஓடி, வார்டிலிருந்து வெளியே வந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையதுதான், படிப்படியாக என்று நான் சொல்லவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் திட்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விழுங்க முடிந்தால் பழைய அளவு மாத்திரையை இப்போதே போடட்டும், ஆம்புலன்ஸை நான் அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

அக்கா அதை அரபியில் சொன்னார். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். இடது கையில் ஃபோன். வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தார். "ஃபோனை வைக்காதீங்க. அவர் பக்கத்துல கொண்டுபோங்க. விழுங்கறது எனக்குக் கேக்கணும்."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம், அவள் ஏதோ கெஞ்சும் குரல், ஒரு இருமல். பிறகு மடக், மடக்கென்று தண்ணீர் இறங்கியது. இங்கே நடைபாதை நடுவில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, வறண்டுபோன தொண்டையால் அரபு அக்காவும் கூடவே விழுங்கினார்.