செத்த பிறகும் பேசுகிறவன்

அண்ணிக்குப் பத்துக்குப் பூஜ்யம் மார்க் போட்டுவிட்டு, அதே அண்ணி வாட்டி வைத்த ரொட்டியைச் சாப்பிட மாடியிலிருந்து இறங்கி வருவதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும். விமர்சகருக்கு அது இருந்தது. தடவிக்கொள்ள வெண்ணெய் வேறு கேட்டார்.

விமர்சகர் என்றதும் சினிமா, புத்தகம் என்று போய்விட வேண்டாம். பகலில் பைப் கம்பெனியில் பில் போடுகிறவர். மற்ற நேரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிகளை யூடியூபில் அலசுகிறவர். எந்த அணியின் மேனேஜர் யாரை ஆட விட்டார், யாரை உட்கார வைத்தார், அதற்கு மூளை வேலை செய்ததா இல்லையா என்று வாரம் தவறாமல் மார்க் போடுவார். ஆட்டக்காரன் யாரையும் திட்ட மாட்டார். மேனேஜர்களை மட்டும் கழுவிக் கழுவி ஊற்றுவார். அவர் கழுவி ஊற்றும் மேனேஜர்களில் ஒருவர் கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய சொந்த அண்ணி என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாது. அண்ணியைத் திட்டுகிற வீடியோ அண்ணி வீட்டு வைஃபையில்தான் ஏறுகிறது என்பதும் தெரியாது.

"பூஜ்யமா போட்டே?" என்றார் அண்ணி, அடுப்பைப் பார்த்தபடியே.

"தொழில் வேற, சொந்தம் வேற, அண்ணி."

"சரி. சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போ. அங்கயும் கழுவி ஊத்தறதுதானே உன் வேலை."

பூஜ்யத்துக்குக் காரணம் இருந்தது. அணியில் மின்னல் என்று ஒருவன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிராளி கண்ணைச் சிமிட்டுவதற்குள் சுட்டுவிடுவான் என்பதால் மின்னல். லீக்கின் கடைசி ஆட்டம் வருகிறது. தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு அண்ணி மின்னலை உட்கார வைத்துவிட்டு, லொடலொட என்று பட்டப்பெயர் கொண்ட மாற்று ஆட்டக்காரனை அறிவித்திருந்தார். பெயரே சொல்லிவிடும். கை ஓடாது, வாய் ஓடும். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணி சொன்ன பதில் ஒன்றுதான்: "என் முடிவு."

"இதுக்கு மார்க் எப்படிப் போடறது? வெறும் பேப்பரைக் கொடுத்தா பூஜ்யம்தானே?" என்று வீடியோவில் கேட்டிருந்தார் விமர்சகர். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அண்ணி இந்தத் தொழிலுக்கு வந்த பாதையே கொஞ்சம் கோணல். வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். பதிவான அழைப்புகளை உட்கார்ந்து கேட்டு, யார் எங்கே சொதப்பினார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. துணி கிழிந்த கோபத்தில் கத்துகிறவர் யார், வீட்டுச் சண்டையை மெஷின் மேல் இறக்கி வைக்கிறவர் யார் என்று குரலிலேயே பிரித்துவிடுவார். ஒருநாள் ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி தன் வீட்டு மெஷினுக்காக வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டு போன் செய்தார். பேசி முடிக்கும்போது அவர் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையோடு அண்ணியைத் தன் கம்பெனியின் புகார் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார்.

முதலாளியின் மகன் ஆசைக்கு ஒரு விளையாட்டு அணி ஆரம்பித்தான். ஆசை தீர்ந்ததும் மேல்படிப்புக்குப் போய்விட்டான். அனாதையாய் நின்ற அணியை யார் தலையில் கட்டுவது என்று யோசித்த முதலாளி, தலைவலி எல்லாம் எங்கே போகுமோ அங்கேயே அனுப்பினார். அப்படித்தான் ஒரு அணி புகார் பிரிவில் வந்து சேர்ந்தது. நெஞ்சில் ‘படுத்தவுடன் தூக்கம்’ என்று அச்சடித்த சட்டையோடு, தூங்காத கண்களோடு, ஐந்து பேரும் ஒரு மாற்று ஆளும் அண்ணி முன்னால் வந்து நின்றார்கள்.

அண்ணிக்கு விளையாடத் தெரியாது. ஒருமுறை முயன்றபோது, முழு ஆட்டமும் சுவரைப் பார்த்தபடியே நின்றார். ஆனால் ஆட்டக்காரர்கள் காதில் மாட்டிக்கொண்டு தங்களுக்குள் பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். துவைத்த துணிக் குவியலை முன்னால் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடித்தபடியே கேட்பார். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அண்ணன், "துணி மடிக்கிறதுக்கு இவ்வளவு கவனமா!" என்று வியந்துவிட்டுப் போவார்.

அறிவிப்பு வந்த அன்று முதலாளியே போன் செய்தார். விமர்சகர் தட்டைக் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு காதைத் தீட்டினார். முதலாளியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏம்மா, நல்லா சுடறவனை உட்கார வெச்சுட்டு நல்லா பேசறவனை ஆட விடறியாமே?"

"ஆமா சார்."

"பேசறவன்தான் வேணும்னா, நம்ம கடையில சேல்ஸ்மேன் எவ்வளவு பேர் இருக்காங்க!"

"அவங்களுக்குக் கேட்கத் தெரியாது சார்."

"தோத்தா அணியை மூடிடுவேன். பயிற்சி ரூமை ஸ்டாக் ரூம் ஆக்கப் போறேன். அளவெடுக்க ஆள் வந்தானா?"

"வந்தார் சார். ஜன்னல் பக்கத்தை விட்டுட்டார். அதையும் அளந்துக்கச் சொல்லுங்க."

போனை வைத்த பிறகு அண்ணியின் கை தட்டுத் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தது. துணி காய்ந்ததுதான். விமர்சகர் அதைக் கவனித்தார். மார்க்கை மாற்றவில்லை.

ஆட்டம் ஒரு பிற்பகலில், பெரிய அரங்கில் நடந்தது. விமர்சகர் பார்வையாளர் வரிசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து நேரலை செய்தார். மேடையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். மேலே ராட்சதத் திரை. திரை ஓரத்தில் ஒவ்வொருவர் முகமும் சின்னக் கட்டத்தில். ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் மாற்று நாற்காலியில் மின்னல், முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு. அண்ணி அவன் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார். மாற்று ஆட்டக்காரன் அணியின் பேச்சைக் கேட்கலாம், பேசத்தான் கூடாது. மாட்டிவிட்டு அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார், பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் அம்மாவைப் போல.

இந்த விளையாட்டில் செத்தவன், அந்தச் சுற்று முடியும்வரை சுட முடியாது. கூட்டாளிகளின் திரையைப் பார்க்கலாம், அவர்களோடு பேசலாம், அவ்வளவுதான்.

லொடலொட முதல் சுற்றில் முதல் ஆளாகச் செத்தான். இரண்டாவதிலும் அவன்தான். "படுத்தவுடன் தூக்கம்!" என்றார் விமர்சகர் நேரலையில். கமென்ட்டுகள் சிரித்து உருண்டன. அந்த ஜோக்கை அவர் இன்னும் இரண்டு முறை பயன்படுத்தினார். நான்காவது முறை வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஸ்கோர் சமமாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஆள் குறைந்த அணி எப்படித் தாக்குப் பிடிக்கிறது?

அப்போதுதான் திரை ஓரக் கட்டத்தைப் பார்த்தார். செத்துப்போன லொடலொடவின் வாய் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. மிச்சமிருந்த நான்கு பேரும், முதுகில் கண் முளைத்தவர்கள் போல, எதிராளி வருவதற்கு முன்பே அவன் வரும் மூலைக்குத் திரும்பினார்கள்.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சமம். லொடலொட செத்தான். அடுத்தவனும் செத்தான். கூட்டம் ‘உச்’ கொட்டியது. பிறகு இன்னும் இரண்டு பேர். மிஞ்சியது ஒருவன், கை நடுங்குவதற்கென்றே பேர்போனவன். எதிரே இரண்டு பேர். செத்த நால்வரில் மூன்று பேர் வாயை இறுக மூடியிருந்தார்கள். லொடலொடவின் உதடு மட்டும் அசைந்தது, மெதுவாக, குழந்தைக்குச் சோறூட்டுகிறவனின் உதடு மாதிரி. மிஞ்சியவன் ஒருவனைச் சுட்டான். பிறகு முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று பின்பக்கம் திரும்பி, மூடியிருந்த கதவைக் குறிபார்த்துக் காத்திருந்தான். கதவு திறந்தது. சுட்டான்.

அரங்கம் அதிர்ந்தது. அண்ணி அப்படியே மின்னலின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்னல் ஹெட்போனைக் கழற்றவில்லை. முதலாளி போன் செய்து, "நம்ம பசங்க எந்தக் கலர்னு கடைசிவரைக்கும் புரியல, ஆனா ஜெயிச்சுட்டோமாமே! அளவெடுத்தவனை வேற இடத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

மறுநாள் காலை விமர்சகர் இறங்கி வந்தார். வெண்ணெய் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமே புரியல அண்ணி. என் கணக்குப்படி நேத்து ஆடினதுல மோசமானவன் லொடலொடதான். அவன் இல்லாம ஜெயிச்சிருக்கவும் முடியாது. ரெண்டும் எப்படி?"

அண்ணி ஹெட்போனை அவர் காதில் மாட்டி, ஒரு பழைய ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டார். மின்னலின் குரல்: "மூணு பேரைப் போட்டுட்டேன்... ச்சே!" அடுத்து ஒரு சத்தம். டொக். அதன் பிறகு மற்றவர்கள் இருட்டில் தடவுவது போல: "எங்கேருந்து சுட்டான்?" "மின்னல்?" "டேய் மின்னல், எந்தப் பக்கம்டா?"

"அந்த டொக் என்ன?"

"செத்ததும் ஹெட்போனைக் கழட்டி மேசையில வெக்கிறான். எல்லா ஆட்டத்துலயும் கேட்கும். அவன் இருக்கிறவரைக்கும் நாம ராஜா. அவன் போயிட்டா மிச்ச நாலு பேரும் குருடு."

பிறகு நேற்றைய பதிவு. லொடலொட: "செத்துட்டேன், செத்துட்டேன், பரவால்ல. மாடிப்படியில இருக்கான். குண்டு மாத்துறான், இப்பப் போ, போ... சபாஷ். இப்போ அசையாதே. பின்கதவு பக்கம் காலடிச் சத்தம் கேட்டுச்சு, திரும்பு. பயப்படாதடா. நான் கூடவே இருக்கேன். செத்துட்டேன்ல, எனக்கு வேற என்ன வேலை?"

விமர்சகர் ஹெட்போனைக் கழற்றினார், மேசையில் சத்தம் வராமல் வைத்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் பூஜ்யம் போட்டிருப்பேனா?"

"உன்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணுதான். சின்னப் பையன் அவன். செத்தா மூஞ்சியைத் தூக்கிக்கிறவன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் அவனைச் சேர்ப்பான்? தனியாக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘செத்தவன் எதுக்கு அக்கா பேசணும்’னான். சரி, கேட்டாவது தெரிஞ்சுக்கட்டும்னு உட்கார வெச்சேன்."

"அதுக்காக ஊரே உங்களைத் திட்டினது பரவால்லயா?"

"ஊரா? நீதானே ஆரம்பிச்சே!"

விமர்சகர் அசடு வழிந்தார். வாயில் எதுவும் தங்காதவர் என்று பெயரெடுத்த மனிதர், அன்று மாடிக்குப் போய், கையில் கிடைத்த அருமையான செய்தியை மென்று விழுங்கிவிட்டுக் கேமரா முன் உட்கார்ந்தார். பத்துக்கு ஏழு போட்டார். ‘காரணம் சொல்லாததற்கு மூன்று குறைப்பு’ என்றார். "பூஜ்யத்துலேருந்து ஏழா? மேனேஜர்கிட்ட என்ன வாங்கினே?" என்று ஒருவன் கமென்ட் போட்டான். ரொட்டி என்று எழுதி, அழித்துவிட்டார்.

அடுத்த சீசனுக்குப் பயிற்சி ஆரம்பித்திருந்த ஒரு மாலை, கீழிருந்து அண்ணி குரல் கொடுத்தார். விமர்சகர் இறங்கி வந்தார். துணிக் குவியலுக்கு நடுவில் அண்ணி, ஹெட்போனை எடுத்துவிட்டு அன்றைய பயிற்சிப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டார்.

மின்னல் ஆடிக்கொண்டிருந்தான். சுட்டான், சுட்டான், செத்தான். "ச்சே!"

இருவரும் டொக்குக்காகக் காத்திருந்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. நீளமாக ஒரு பெருமூச்சு. அப்புறம், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவன் போல, வேண்டா வெறுப்பாக ஒரு குரல்:

"...இடது பக்கம். ரெண்டு பேரு. ஒருத்தன் நொண்டுறான்."

"அடடே, பொணம் பேசுதுடா!" என்று கத்தினான் லொடலொட.

"நீ வாயை மூடு. நான்தானே செத்திருக்கேன்? நான் சொல்றேன்."

அண்ணி பின்னால் ஓட்டி மறுபடியும் அந்தப் பெருமூச்சிலிருந்து கேட்டார். பாதி மடித்த போர்வை மடியிலேயே கிடந்தது.

"அந்த மூணு மார்க்?" என்றார்.

"இது பயிற்சி ஆட்டம் அண்ணி. பயிற்சிக்கு நான் மார்க் போடறதில்ல."

"அப்போ சும்மா நிக்காம அந்தப் போர்வை நுனியைப் பிடி."

விமர்சகர் பிடித்தார்.