போட்டோவுக்கு அழைக்கப்பட்ட தக்கியா

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் பதினோரு பேர் வேலை பார்த்தோம். பெண் என்று இருந்தவள் தக்கியா ஒருத்திதான். தாயிஸ் நகரத்தின் சமாதானக் குழுவில் அவளுக்கு நாற்காலி கிடைக்க அந்த ஒரு தகுதியே போதுமாக இருந்தது.

போர் தொடங்கி நான்காவது வருடம். நகரம் எங்கள் ஆட்கள் கையில். கிணறுகளும் பெரிய வால்வும் கிழக்கே, எதிர்த்தரப்பு கையில். குழாய் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று மாதக்கணக்கில் பேசி, இரண்டு தரப்பையும் ஒரு மேசைக்கு இழுத்து வந்தது. போர்நிறுத்தக் கையெழுத்துக்கு முதல் நாள்தான் தூதுக்குழுவினர் கவனித்தார்கள், எடுக்கப் போகும் படத்தில் எல்லாமே மீசை. தூதுக்குழுவைச் சேர்ந்த ஹெண்ட்ரிக் மூச்சிரைக்க எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். எங்கள் மொழியை அவர் பழைய புத்தகங்களில் படித்தவர். வாயைத் திறந்தால் செத்துப்போன சுல்தானின் கடிதம் மாதிரி இருக்கும்.

"அம்மையீர், இப்பெருநிகழ்வில் தாங்கள் பங்கேற்றருள வேண்டும்."

தக்கியா என் பக்கம் திரும்பினாள். "இந்த மனுசன் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்புடுறாரா, மௌத்துக்கா?"

"போட்டோவுக்கு" என்றேன்.

"அப்படின்னா நல்ல முக்காடாப் போட்டுட்டு வரேன்."

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சபர் மலைக்காரி. அந்த மலைப் பெண்களிடம் சந்தையில் மெல்லுகிற காத் இலை பேரம் பேசியவர்களுக்குத் தெரியும், அவர்கள் வாயை ஜெயிக்க முடியாது. சவூதிக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுகொண்டான். இரண்டு பெண்களை இவளே வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். இருபது வருடமாகக் குழாய் இணைப்புப் பதிவேடு அவள் பொறுப்பு. எந்த வீட்டுக்கு எந்த வால்விலிருந்து தண்ணீர் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

கூட்டத்தில், யார் பெயர் முதலில் வருவது என்று கர்னல்கள் இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். அவளைச் சும்மா உட்காரத்தான் சொல்லியிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ஐயாமாரே, நீங்க சண்டை போடுங்க, போடாமப் போங்க. வால்வை எப்பத் தொறப்பீங்க?"

கிழக்குப் பக்கத்துக் கர்னல் முக்பில் முகத்தைச் சுளித்தார். "இது ராணுவ விஷயம்மா."

"தண்ணியா? ஏன், பீரங்கி குளிக்குதா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்கள் பக்கத்திலும் ஒருவன் சிரித்துவிட்டான். ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்து அப்படித்தான் உருவானது: வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர். ஹெண்ட்ரிக் கண்கலங்க, "பெண்மையின் தலைமை!" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

போர்நிறுத்தம் நாற்பத்தொரு நாள் உயிரோடு இருந்தது. அதில் ஐந்து முறை தண்ணீர் வந்தது. நாற்பத்தொன்றாம் நாள், இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள தெருவில் குழாய் உடைந்தது. எங்கள் குழாய்ப் பணியாளன் ஷாயிஃப் போனான். 'நடுநிலை' என்று முன்னும் பின்னும் எழுதிய நீலச் சட்டையைத் தூதுக்குழு கொடுத்திருந்தது. தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஒரே குண்டு.

சுட்டது அடுத்தவன் என்று இரண்டு தரப்பும் ஒரு மணி நேரத்தில் அறிக்கை விட்டன. அன்று மாலையே நகரத்துக்குள் குண்டுகள் விழுந்தன. வால்வு மூடிக்கொண்டது. தூதுக்குழுவின் அறிக்கை மூன்று நாள் கழித்து வந்தது. தக்கியா அதை ஷாயிஃப் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

"அதுல எங்க வீட்டுக்காரர் பேர் இருக்கா அக்கா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

தக்கியா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "இல்லம்மா. 'ஒரு சம்பவம்'னு இருக்கு."

பிறகு காலரா வந்தது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். தூதுக்குழு பாதுகாப்புக் கருதிப் பக்கத்து நாட்டு ஹோட்டலுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து ஹெண்ட்ரிக் அவளை அழைத்தார். 'தாயிஸ் போர்நிறுத்தத்தின் வெற்றி தரும் பாடங்கள்' என்ற மாநாட்டில் அவள் பேச வேண்டுமாம்.

"எந்த வெற்றிங்க? அது மௌத்தாகி ஒரு மாசம் ஆச்சே!"

"அறிவேன், அம்மையீர். ஆயினும் தலைப்பு முன்னரே அச்சிடப்பட்டுவிட்டது."

அவள் போனை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தாள். கர்னல் முக்பிலின் அக்கா ஜலீலாவைக் கட்டிக்கொடுத்தது எங்கள் பக்கத்தில். கிழக்குக் குழாயின் கடைசி வீடு அவளுடையது. மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு தக்கியா அங்கே போனாள். ஜலீலாவுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் ஏழு பிள்ளைகளும் காலி டப்பாக்களும் வரிசையாக இருந்தன. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் முக்பில், சாப்டியா?"

"சாப்டேன்க்கா."

"குளிச்சியா?"

"...குளிச்சேன்."

"நான் குளிச்சு இருபது நாளாச்சுடா. உன்னை இடுப்புல தூக்கித் திரிஞ்சவ மேல ஆட்டு நாத்தம் அடிக்குது. தோள்ல நட்சத்திரம் குத்திக்கிட்டா ஆச்சா? அக்காவுக்கு ஒரு குடம் தண்ணி விட வக்கில்ல!"

"உனக்கு மட்டும்னா ஏதாவது வழி பண்றேன்..."

தக்கியா போனருகே குனிந்தாள். "உங்க அக்கா வீடு கடைசி வீடு, கர்னல். அவங்களுக்கு வரணும்னா ஊருக்கே வந்தாகணும்."

"யாரு, அந்த வால்வு அம்மாவா?"

"அவளேதான்."

"வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம். எங்க மேலிடத்துக்கு மட்டும் தெரியக் கூடாது."

எங்கள் பக்கத் தளபதியிடம் அவள் அனுமதி கேட்கவே இல்லை. அவர் வீட்டிலும் குழாய் இருந்தது.

ஐந்து வியாழன்கள் தண்ணீர் வந்தது. ஒப்பந்தம் இருந்தபோது வந்ததைவிட ஒழுங்காக வந்தது. பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குத் தைரியம் சொல்லப் போய், தக்கியா அங்கிருந்த நர்ஸிடம் இதைச் சொல்லிவிட்டாள். நர்ஸ் யாரிடமோ சொல்ல, அது ஹோட்டல் வரை போனது. 'தூதுக்குழுவின் அயராத முயற்சியால் தாயிஸில் மீண்டும் தண்ணீர்' என்று அறிக்கை வந்தது, அந்த மீசைகளுக்கு நடுவே தக்கியா நிற்கும் படத்தோடு. அடுத்த வியாழன் குழாயில் காற்று மட்டும் வந்தது. முக்பிலை மேலிடம் கூப்பிட்டு விசாரித்திருந்தது.

அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று குழந்தைகளை அடக்கம் செய்தோம். மூன்றாவது ஜனாஸா போன அன்று தக்கியா அலுவலகத்தில் பதிவேட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "பெருமைக்கு வாயைத் தொறந்துட்டேன்" என்றாள். இல்லை என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆனால் ஜலீலா தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பெருநாளன்று அவன் மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தவள், "யாரு பேசுறது?" என்று கேட்டாள். கர்னல் அதோடு வழிக்கு வந்தார். வால்வு பழசு, எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது என்று மேலிடத்துக்கு எழுதினார். கசிவு வியாழன்தோறும் மதியம் ஆரம்பித்து, மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கோடு நின்றது.

மாதக் கணக்கெடுப்புக்கு ஹெண்ட்ரிக் அழைத்தது ஒரு வியாழன் மதியம். தக்கியா வீட்டில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தங்கள் பகுதியில் நீர் வருகின்றதா, அம்மையீர்?"

"ஒரு சொட்டு இல்லைங்க. நாக்கு வறண்டு கிடக்குறோம்."

"எங்கள் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

"தெரிவிச்சுக்கிட்டே இருங்க சார். அதை மட்டும் நிறுத்திடாதீங்க."

தூதுக்குழுவின் அறிக்கைகளில் எங்கள் வட்டாரத்துக்கு நேராக இன்றும் 'தண்ணீர் வரத்து இல்லை' என்றுதான் இருக்கிறது. திருத்தச் சொல்லி நாங்கள் யாரும் எழுதவில்லை.