இருமல் மருந்து மூடியில் அளந்த மார்கரிட்டா

காரைக்காலில் ஒருவன் ஒரே ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்து மாவட்டங்களிலிருந்து வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் ஊர் இது. இதே ஊரில் பிறந்த நான், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளருக்காகக் காத்திருக்கிறேன். அதிலும் பாதிக்கு மேல் சோடா. நண்பர்கள் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் யாருக்கும் மனைவி கையால் கலந்த மார்கரிட்டா கிடைக்காது.

அந்தப் பானம் எனக்குப் பழக்கமானது பாரிசுக்கு வெளியே ஒரு மெக்சிக்கோ உணவகத்தில். பெயரும் சுவரில் தொங்கிய தொப்பிகளும் மட்டும்தான் மெக்சிக்கோ. சமையலறையில் காரைக்காலும் யாழ்ப்பாணமும்தான். அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமை எனக்கும் வந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தேன். பாத்திரம் கழுவ ஆரம்பித்து அடுப்பு வரைக்கும் உயர்ந்தேன். கடை மூடும் நேரத்தில் பார் ஆள் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிளாஸ் நீட்டுவான். டெக்கீலா, ஆரஞ்சு மது, எலுமிச்சை, விளிம்பில் உப்பு. நாள் முழுக்க அனலில் நின்றவனுக்கு அது அமிர்தம். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மனைவி இங்கேயே இருந்தாள். மகளைப் படிக்கவைத்தாள், வீட்டைக் கட்டினாள், என் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் போனில்தான். பென்சன் வந்து ஊர் திரும்பியபோது, இனிமேலாவது சாயங்காலங்களில் இருவரும் உட்கார்ந்து பேசலாம் என்று அவள் நினைத்திருக்கிறாள். நானோ விளக்கு வைக்கும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில், ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது என்று தெரிந்தது. பிரஷர் இல்லை. அது ஒன்றுதான் பாக்கி. டாக்டர் என் மகள் வயசுப் பெண். முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இதோட நிறுத்திடுங்க சார்" என்றார்.

"நிறுத்துவாருங்க" என்றாள் என் மனைவி. "ஒரு மாசம் நிறுத்துவாரு. அடுத்த மாசம் அதுக்கும் சேத்துக் குடிப்பாரு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "விட்டுடறதுதான் நல்லதும்மா. முடியவே முடியலன்னா வாரத்துல ரெண்டு நாளு, ஒரு டம்ளரு. ரொம்ப லேசா இருக்கணும். அதுக்கு மேல போனா என்கிட்ட வரவே வேணாம்."

ஆட்டோவில் திரும்பும்போது அவள் வெளியே பார்த்தபடி பேசினாள். "மாமா இதுலதான் போனாரு. கடைசில அவரத் தூக்கி உக்கார வச்சது நானு. வாந்தி அள்ளுனது நானு. நீங்க அங்க இருந்தீங்க, பாக்கல. இன்னொரு தடவ அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லங்க. அப்படித்தான் போகணும்னு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் நெடுங்காட்டுக்கு, என் தம்பி வீட்டுக்குப் போயிடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. அவள் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், "அங்க என்னமோ குடிப்பேன்னு சொல்லுவீங்களே, அதுல என்னென்ன போடுவாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "எலுமிச்சம்பழ ஜூஸுதானே? அதுல கொஞ்சம் சாராயம். நான் போட்டுத் தரேன். வெளிய போகக் கூடாது. ஒரு டம்ளருதான். ரெண்டாவது கேட்டீங்கன்னா அதோட சரி" என்றாள்.

நாள் குறிப்பதிலேயே பாதி வேலையை முடித்துவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் கூடவே கூடாது. சனி பெருமாளுக்கு. வியாழன் குருவுக்கு. திங்கள் சிவனுக்கு. மிஞ்சியது புதனும் ஞாயிறும். அதிலும் அமாவாசையோ கிருத்திகையோ வந்துவிட்டால் கிடையாது. இத்தனை தெய்வங்கள் என் ஈரலுக்காகக் காவல் நிற்கும் என்று நான் நினைத்ததில்லை.

டெக்கீலா வாங்கக் கடைக்கு நானே போனேன். மேல் தட்டிலிருந்து எடுத்து, தூசியைத் துடைத்து, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் அந்தப் பாட்டிலுக்குச் சமையலறைக்குள் இடமில்லை. கொல்லைப்புற அலமாரியில் பினாயிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

அவள் அதைச் செய்கிற விதத்தை நான் நாற்காலியில் இருந்தபடியே பார்ப்பேன். பாரிசில் எத்தனையோ பார் ஆட்களைப் பார்த்தவன் நான். பாட்டிலை மேலே எறிந்து பிடிப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் இவள் கை கிடையாது. விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்த பிறகுதான் ஆரம்பிப்பாள். எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, பச்சைத் தோலை மேலாகத் துருவிக்கொண்டு, பிறகுதான் பிழிவாள். ஆரஞ்சு மது சர்க்கரை என்பதால் அதற்குத் தடை. பதிலுக்குப் பாதிச் சாத்துக்குடி. கொல்லையில் நிற்கும் நார்த்தைச் செடியிலிருந்து ஒரு தளிர் இலையைக் கசக்கிப் போடுவாள். அது நான் சொன்ன பட்டியலில் இல்லாதது, அவளே கண்டுபிடித்தது. ஐஸைத் துண்டில் சுற்றி இடிகல்லில் தட்டுவாள். டெக்கீலாவுக்கு அளவு, பழைய இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி. இரண்டு மூடி. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு நின்றாலும் திரும்பப் பாட்டிலில் விடுவாள். எல்லாவற்றையும் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவாள். அடுத்த வீட்டிலிருந்து "என்னக்கா, மோர் சிலுப்புறீங்களா?" என்று குரல் வரும். "ஆமா ஆமா" என்பாள். சோடாவை ஊற்றினால் முடிந்தது.

ஒரு தடவை சோடா வாங்கச் சொன்னதற்கு அவள் பன்னீர் சோடாவை வாங்கி வந்துவிட்டாள். அந்த மார்கரிட்டா கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பதுபோல மணத்தது. அதைக்கூட முழுசாகக் குடித்தேன்.

ஆனால் ஒன்று. இதை அவள் ருசி பார்ப்பதே கிடையாது.

குடி விஷயம் என்பதால் மட்டும் அல்ல. அவள் பிறந்த வீட்டில் படையலுக்குச் சமைப்பது அவள்தான். சாமிக்கும் செத்துப்போனவர்களுக்கும் படைப்பதை முன்னால் வாயில் வைக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வகை வைத்தாலும் உப்பு, புளி, காரம் எல்லாம் கண்ணால் பார்த்தும் மூக்கால் முகர்ந்தும்தான். கொதிக்கும் குழம்பின் ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி முகர்ந்துவிட்டு, "இன்னும் ரெண்டு கல்லு போடலாம்" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை. நெடுங்காட்டில் அவள் கையைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். ஓட்டலில் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிற ஆள் நான். என் தங்கை வீட்டில் ரசம் சரியில்லை என்று பாதியில் எழுந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இவள் சமையலில் குறை கண்டதே இல்லை.

அந்தக் கை இந்த ஒன்றில் மட்டும் தப்பியது. காரணம் நான்தான். விளிம்பில் உப்பு தடவ வேண்டும் என்று சொன்னேன். சரி என்று விளிம்பில் கல்லுப்பைப் பொடித்துத் தடவினாள். எலுமிச்சை ஜூஸ் என்றால் உள்ளேயும் உப்பு போட வேண்டுமே! அது அவளுக்குச் சொல்லித்தெரிய வேண்டியதா? உள்ளேயும் தாராளமாகப் போட்டாள்.

முதல் வாய். காது வரைக்கும் கூசியது. கடலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருந்தது.

எதிரே நின்று, முந்தானையில் கையைத் துடைத்தபடி, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஓர் ஆவல். வெளியே போகாமல் நான் உட்கார்ந்திருப்பதே அவளுக்குப் பாதி நிம்மதி.

"வாசனை பிரமாதம்" என்றேன். அதில் பொய் இல்லை. தோல் துருவலும் நார்த்தை இலையும் சேர்ந்த அந்த வாசனை எந்த ஊர் பாரிலும் கிடைக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள், ஒவ்வொரு முறையும் நான் அதையே சொல்வேன்.

அதைக் குடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். சின்னச் சின்னதாகத்தான் உறிஞ்ச முடியும். அந்த ஒரு மணி நேரமும் அவள் எதிரே உட்கார்ந்து பேசுவாள். மகள் சின்ன வயதில் டைபாய்டில் கிடந்தது, வீடு கட்டிய கொத்தனாரோடு நடந்த சண்டை, அப்பா கடைசி நாட்களில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. மாதங்கள் போயின. அடுத்த முறை ஸ்கேன் பார்த்த டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பிறகு அப்பாவின் நினைவு நாள் வந்தது. தலைவாழை இலை போட்டு, அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைப்போம். கருக்களாச்சேரியிலிருந்து வந்த கொடுவா மீன் குழம்பு, அவித்த முட்டை, வடை, சுருட்டு, அவர் கடைசி வரைக்கும் விடாத பிராந்தி. பாட்டிலை வாங்கி ஒரு கிளாஸ் படைத்துவிட்டு மிச்சத்தைக் குடிப்பது மகன் கடமை என்று பல வருஷம் நான் வைத்திருந்தேன். அன்று காலை எழுந்ததிலிருந்தே எனக்கு நாக்கு ஊறியது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு பாட்டில் உள்ளே வந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிராந்தி வரவில்லை. அப்பா படத்துக்கு முன்னால், விளிம்பில் உப்போடு, நார்த்தை இலை மிதக்க, மார்கரிட்டா இருந்தது.

படையலுக்கு வந்திருந்த என் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணி இது? அப்பாவுக்கு பிராந்தின்னா உசிருங்க. இத எப்படிக் குடிப்பாரு?"

"உசிருன்னுதானே உசிர விட்டாரு" என்றாள் என் மனைவி. "மேல போயாவது மாமா கொஞ்சம் கொறச்சுக்கட்டும்."

தங்கை சிரித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

காக்காவுக்குச் சோறு வைத்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீன் குழம்பில் உப்பு அளந்து வைத்த மாதிரி இருந்தது. கடைசியில் அந்த டம்ளர் மட்டும் அப்படியே நின்றது. அன்றைக்கு வியாழக்கிழமை, எனக்குத் தடை.

தங்கைக்குக் குறும்பு. "படைச்சத வேணாங்கக் கூடாது அண்ணி. ஒரு வாயாவது நீங்கதான் எடுத்துக்கணும்."

என் மனைவி யோசித்தாள். மாமாவுக்குப் படைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

முகம் அப்படியே சுருங்கியது. விழுங்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தங்கையும் வாங்கி ஒரு சொட்டு நக்கிவிட்டு, "அய்யய்யோ, ஊறுகாய் ஜாடியக் கழுவுன தண்ணி மாதிரில்ல இருக்கு!" என்று கத்தினாள்.

"இதையா இத்தன மாசமும் குடிச்சீங்க?" என்றாள் என் மனைவி. "வாசன பிரமாதம், வாசன பிரமாதம்னு சொன்னீங்களே, அதுக்கு இதுதானா அர்த்தம்? ரசத்துல ஒரு கல்லு கூடுனா ஊரக் கூட்டுற மனுஷன், உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நல்லா இருந்திருந்தா ரெண்டாவது கேட்டிருப்பேன்."

தங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து, இலைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. விளக்கேற்றினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றைக்கு உப்பு சரியாக இருக்கும், அப்புறம் என் கதி என்ன என்ற பயத்தில் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எலுமிச்சை, துருவல், இலை, இரண்டு மூடி, எவர்சில்வர் டப்பாவின் சத்தம் எல்லாம் வழக்கம்போலவே. சோடாவை ஊற்றினாள். பிறகு இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். ஸ்பூன் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து, யோசித்தாள். உப்பு ஜாடியைத் திறந்து இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள்.

கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வாசன எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்" என்றேன்.