மகள் திருப்பிச் சொன்னது

இந்த ஆண்டு நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன், பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்குச் சவூதியில் வேலை. ஏழாவது படிக்கும் எங்கள் மகளை அவர் கையில் தூக்கிக் கொஞ்சியதைவிட போனில் கொஞ்சியதுதான் அதிகம்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. முடித்ததும் அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் நம் பேச்சு. பிள்ளைகள் காதுகொடுத்துக் கேட்கப் பழக வேண்டுமாம். வீட்டில் என் உயிரை எடுத்துவிட்டாள். தட்டைக் கழுவச் சொன்னால், "தட்டக் கழுவணும்னு சொல்றீங்க, சரியா உம்மா?" என்று நிற்பாள். தட்டு அப்படியே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என் கணவர் வீடியோவில் வருவார். நானும் என் தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பேசுவோம். அன்று அவர், "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்றவா?" என்றார்.

"போட்ருங்க மச்சான், மாடி ரூம் வேலை பாதியில நிக்குதுல்ல" என்றான் தம்பி.

வழக்கம்போல, "உங்க இஷ்டம்" என்றேன்.

அவர் பேச்சை மாற்றினார். இன்று சோற்றுக்கு என்ன ஆணம் என்று கேட்டார். மொட்டை மாடியில் இப்போதும் கடல் காற்று வருகிறதா என்றார். மகளைக் கதவோரம் நிற்கச் சொல்லி, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்த்தார்.

அங்கிருந்து வந்தவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"வாப்பா, கையெழுத்துப் போடவான்னு கேட்டீங்க. ஆனா உங்களுக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு. சரியா?"

கேட்டுவிட்டு, பள்ளியில் பழக்கியபடி, பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிதாம்மா" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க உம்மா?"

இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது, "வந்துடுங்க" என்று வந்துவிட்டது.

அவர் கையெழுத்துப் போடவில்லை. பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் பேசி முடித்ததும் நான் உடனே பதில் சொல்வதில்லை; அவர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருக்கிறது, போனை வைத்த பிறகுதான் எழுந்து போகிறார்.