பாடகர் பெயர்: வவுணதீவு ரீச்சர்

அண்ணாட ஓட்டோவில கிடந்த பென் டிரைவை இண்டைக்குக் காலையிலதான் லெப்டொப்பில போட்டன். அவர் எங்களை விட்டுட்டுக் கண்ணை மூடி ஏழு மாசம்.

நானூறு பாட்டு. பாடகர் பெயர் வாற இடமெல்லாம் பிழை. ஒண்டில "வவுணதீவு ரீச்சர்". இன்னொண்டில "காத்தான்குடி நானா". மறுகா ஒண்டில "நர்ஸ் அக்கா".

இந்த மனிசனுக்கு இதுவும் ஒழுங்காத் தெரியாது எண்டு சிரிச்சிட்டு, பாட்டுக்குத் தானாப் பேர் கண்டுபிடிச்சுத் திருத்துற சொப்ட்வெயாரை ஓட விட்டன். பத்து நிமிசத்தில எல்லாப் பாட்டுக்கும் சரியான பாடகர் வந்திட்டார். பழையதை ஒரு கொப்பி எடுத்து வைக்கவும் இல்ல.

மத்தியானம் புளியந்தீவு பஸ்ஸில எனக்குப் பக்கத்தில வந்து இருந்தவ, அண்ணாட ஓட்டோவில நாளும் வவுணதீவுக்குப் படிப்பிக்கப் போன ரீச்சர்.

"நான் ஏறினதும் உங்கட அண்ணா ஓட்டோவில இருக்கிற பாட்டு செட்டில என்ட பேரைத் தட்டுவார். எனக்குப் பிடிச்ச பாட்டு மட்டும் வரிசையாப் போகும். வழமையா ஏறுற எல்லாருக்கும் அப்படிப் பேர் போட்டு வெச்சிருந்தார்."

ரீச்சர் டிக்கெட் எடுத்திட்டுத் திரும்பவும் சொன்னா.

"உங்கட பேரிலயும் கிடக்காம். சவாரி இல்லாத நேரம் தங்கச்சிட பாட்டைக் கேட்டுக்கிட்டு நிப்பன் எண்டு சொல்லுவார்."

இறங்கிற இடத்தையும் விட்டுட்டன். வீட்ட வந்து நானூறையும் மேலயும் கீழயும் பாத்திட்டன். ஒரு பிழையும் இல்ல.

திருத்தினதைத் திரும்பப் பிழையாக்கத் தெரிஞ்ச ஆராவது இருந்தாச் சொல்லுங்க. தேடிப் பாத்தா எல்லாரும் திருத்தத்தான் சொல்லித் தாறாங்க.